தெருவுக்கு ஓர் அணி வேண்டாம்

ஆசிரியருக்கு,

பொங்கலையொட்டி ஊருக்கு ஊர் கபடிப் போட்டி நடக்கிறது. ‘ஒற்றுமைக்காக’ என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். அணி சேர்ப்பதோ தெருவாரியாக. நம் ஊர்களில் தெரு என்றால் என்ன பொருள் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு அவுட்டில் தகராறு வந்தால் ஆட்டம் நின்று, இரண்டு பக்கமும் ஆள் திரண்டுவிடும்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கிராமங்களில் 7 நாள் சிறப்பு முகாம் போடுகிறார்கள். முள் வெட்டி, மரக்கன்று நடுவதோடு இந்தப் போட்டியையும் அவர்களே எடுத்து நடத்தலாம். எந்தத் தெருவையும் சேராதவர்கள் என்பதே அவர்களுக்குப் பலம்.

போட்டிக்குப் பெயர் பதியும்போது அணியாகப் பதியாமல் ஆளாளாகப் பதிய வேண்டும். 48 பேர் என்றால் 4 அணி. எல்லாப் பெயரையும் ஒரே குடத்தில் போட்டால் நல்ல ரைடர்கள் (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவர்கள்) ஓரணியிலேயே போய் விழக்கூடும். ரைடர், கார்னர் (பிடிப்பவர்களில் ஓரத்தில் நிற்பவர்), கவர் (உள்ளே நின்று பிடிப்பவர்), மாற்று ஆட்டக்காரர் என 4 குடம் வைத்து, ஒவ்வொன்றிலும் அணிக்கு 3 சீட்டு எடுக்கலாம். குடவோலை கண்ட நாட்டுக்கு இது புதிதல்ல. ஓரணியில் ஒரே தெருக்காரர் 6 பேருக்கு மேல் விழுந்தால் மறுபடி குலுக்க வேண்டும். அணிக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம், ஆறுகளின் பெயர் போதும். பனியன் ஒற்றை நிறத்தில் இருக்கட்டும். இரட்டை நிறம் ஏதாவது ஒரு கொடியில் போய் முடியும்.

சீட்டுக்குப் பிறகு 3 மாலையாவது சேர்ந்து பயிற்சி எடுப்பது கட்டாயம். கார்னரில் நிற்பவர் பக்கத்து ஆளின் கையைக் கோத்துக்கொண்டு நிற்பார். பாய வேண்டிய நொடி அந்தக் கையின் இறுக்கத்தில்தான் தெரியும். கை பழகாவிட்டால் ஒருவர் பாய, இன்னொருவர் நிற்க, பிடி நழுவும். போட்டியில் வேறெந்த ஏற்பாட்டையும்விட இந்தக் கைகோப்பு முக்கியமானது.

13 மீட்டருக்கு 10 மீட்டர் களத்தைக் கொத்தி, கல்லும் கண்ணாடிச் சில்லும் பொறுக்கி, முதல்நாள் இரவே தண்ணீர் தெளிக்க வேண்டும். கோட்டுக்குச் சுண்ணாம்பு கூடாது. முகம் தரையில் உரசும் ஆட்டம் இது, கண் வெந்துவிடும். கோலத்துக்கான வெள்ளைக் கல்மாவு போதும். அதுவும் கால்பட்டு அழியும், ஆட்டத்துக்கு ஆட்டம் திரும்பப் போட வேண்டும். அழிந்த கோட்டில்தான் பாதிச் சண்டை. மீதி, லாபியிலும் (களத்தின் இரு பக்க ஓரப் பட்டை) போனஸிலும் (ரைடர் போனஸ் கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் கூடுதல் புள்ளி). தொடுதலோ பிடியோ நிகழும் முன் லாபியில் கால் வைத்தால் அவுட்; எதிரணியில் 6 பேராவது களத்தில் இருந்தால்தான் போனஸ். இவ்விரண்டையும் ஆட்டத்துக்கு முன்பே ஒலிபெருக்கியில் சொல்லிவிட வேண்டும். கோட்டருகே நிற்பவர்களும் ஸ்கோர் எழுதுபவர்களும் முகாம் மாணவர்களாக இருக்கட்டும்.

இடம், கோயில் திடலைவிடப் பள்ளி மைதானம் நல்லது. மதியச் சாப்பாடு ஒரே அண்டாவில், பந்தி அணிவாரியாக. சுழற்கோப்பையை யார் வீட்டிலும் வைக்க வேண்டாம், ஊர்ப்புற நூலக அலமாரியில் இடம் இருக்கும்.

– கபடி நடுவர்கள் சிலர்,
திண்டுக்கல் மாவட்டம்