பாதியில் உட்கார்ந்த கல்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். அம்மாதான் இன்னும் பயண நினைப்பிலேயே விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, "கேரவனுக்குத் தண்ணி பிடிச்சாச்சா?" என்கிறாள்.

போனில் எனக்குச் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில் உங்கள் வாரம்பங்கிள் மலையில் அன்று எனக்காக நீ பாதியில் உட்கார்ந்துவிட்டாயே, அது நெஞ்சிலேயே நிற்கிறது. சுற்றிவர 14.5 கிலோமீட்டர். ஸ்பைரி ஓடையோரம் நன்றாகத்தான் நடந்தேன். படிக்கட்டு வந்ததும் முழங்கால் மடங்கவில்லை. மாப்பிள்ளையும் பேரனும் மேலே போனார்கள். "எனக்கும் கால் வலிக்குதுப்பா" என்று நீ அந்தக் கல்லில் உட்கார்ந்தாய். உனக்கு வலியில்லை என்று எனக்குத் தெரியும்.

அங்கே உட்கார்ந்துதான் பிரெட்நைஃப் என்கிற அந்தப் பாறைச் சுவரின் கதையைச் சொன்னாய். சுமார் 1 கோடியே 30 லட்சம் வருடத்துக்கு முன்பே அணைந்துபோன எரிமலை. வெடிப்புக்குள் ஏறிய நெருப்புக் குழம்பு அப்படியே இறுகிக் கல்லாகிவிட்டது. சுற்றியிருந்த மென்மையான பாறையை மழையும் காற்றும் அரித்துக்கொண்டு போக, அது மட்டும் 90 மீட்டர் உயரத்துக்குச் சுவர்போல நிற்கிறது. திருவண்ணாமலை நெருப்பாக நின்று குளிர்ந்த மலை என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். நெருப்பு கல்லாகி நிற்பதை நீதான் எனக்குக் காட்டினாய்.

அந்த மரங்களையும் மறக்க முடியவில்லை. 2013 ஜனவரித் தீயில் காட்டின் பெரும்பகுதி எரிந்தது என்றாய். கரி படிந்த அடிமரத்திலிருந்தே யூகலிப்டஸ் கிளைவிட்டு நிற்கிறது. எனக்கு 2011 டிசம்பர் 30 ஞாபகம் வந்தது. தானே புயல் அடித்து ஓய்ந்த அன்று, பண்ருட்டித் தோப்பில் தாத்தா வைத்த பலா அத்தனையும் வேரோடு கிடந்தன. அதற்குப் பிறகு நான் ஒரு கன்றுகூட நடவில்லை. குத்தகைக்கு விட்டுவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். உன்னிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் பேரன் இறங்கி வந்துவிட்டான்.

நேற்று போய் இருபது பலாக்கன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். ஆடி மழைக்கு நடவேண்டும்.

செப்டம்பரில் அங்கே வெயில் இதமாக இருக்கும் என்றாயே, அப்போது நீ போ. பிரெட்நைஃபைத் தாண்டி கிராண்ட் ஹை டாப்ஸ் உச்சி வரைக்கும் ஏறு. யாருக்காகவும் நடுவில் உட்காராதே அம்மா. விடியும்போதே கிளம்பு, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள், வழியில் கிடைக்காது. இறங்கி வந்ததும் மேலே என்னென்ன தெரிந்தது என்று ஒன்றுவிடாமல் எழுது.

அன்புடன்,
அப்பா