ஒரு டன் எத்தனை ஆண்டு? கார்பன் நீக்கத்துக்கு விதி வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பாரிஸ் ஒப்பந்தத்தின் 6.4 ஆம் பிரிவின்கீழ் இயங்கும் மேற்பார்வைக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நீக்கிய அல்லது தவிர்த்த ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் வழங்கி விற்கப்படும் சான்றே கார்பன் கிரெடிட்; அதற்கான உலகளாவிய சந்தைக்கு விதி வகுப்பது உங்கள் குழு. வளிமண்டலத்திலிருந்து அந்த வாயுவை நீக்கும் செயல்பாடுகளுக்கான தரநிலையை 2024 அக்டோபரில் நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். இனி ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் உரிய கணக்கீட்டு முறைகள் அதன்மேல் எழுதப்படும். மரம் வளர்ப்பது, தாவரக் கழிவைக் காற்றில்லாமல் சூடாக்கிப் பெறும் உயிரிக்கரியை மண்ணில் இடுவது, பாறைத்தூளை வயல்களில் தூவுவது, இயந்திரங்களால் காற்றை வடிப்பது ஆகிய எல்லாவற்றையும் 'டன்னுக்கு என்ன விலை' என்ற ஒரே தராசில் வைத்து ஒப்பிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தத் தராசு பிழையானது என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். நீக்கப்பட்ட கார்பன் எத்தனை ஆண்டு அடைபட்டிருக்கும், அதை நீக்குவதற்காக வெளியிட்டதைக் கழித்தபின் உண்மையில் எவ்வளவு மிஞ்சும் ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் விலைப்பட்டியலில் விடை இருப்பதில்லை.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்வோம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் காற்றில் எஞ்சியிருக்கும். அதற்கு ஈடாக நாம் நடும் காடோ ஒரு கோடைத் தீயிலோ, ஒரு பூச்சித் தாக்குதலிலோ, ஓர் அரசின் கொள்கை மாற்றத்திலோ தன் சேமிப்பைக் காற்றுக்கே திருப்பித் தந்துவிடலாம். மரங்களை நான் குறைத்துச் சொல்வதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம். இன்று மனித முயற்சியால் ஆண்டுதோறும் நீக்கப்படும் சுமார் 200 கோடி டன்னில் ஏறக்குறைய முழுவதும் காடு வளர்ப்பாலும் காட்டுப் பராமரிப்பாலும் நிகழ்வதுதான். மற்றப் புதிய வழிகள் யாவும் சேர்ந்து அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஆயினும் பல லட்சம் நூற்றாண்டுகள் நிலத்தடியில் உறங்கிய கார்பனை எழுப்பிவிட்டு, ஐம்பது ஆண்டு நிற்கக்கூடிய ஒரு மரத்தைக் காட்டிக் கணக்கு நேரானது என்று எழுதுவது எந்தப் பேரேட்டிலும் செல்லாது.

நிலத்தடிச் சேமிப்பு நம்பத்தக்கதா என்பதற்கு நம்மிடம் சான்றுகள் இருக்கின்றன. நார்வேயின் ஸ்லெய்ப்னர் கடலடி எரிவாயு வயலில், இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்தெடுத்த கார்பன் டை ஆக்சைடை 1996 முதல் கடலடி மணற்பாறைக்குள் செலுத்திவருகிறார்கள். ஐஸ்லாந்தின் கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில் அதை நீரில் கரைத்துப் பசால்ட் பாறைக்குள் செலுத்தியபோது, இரண்டே ஆண்டுக்குள் 95 விழுக்காட்டுக்கும் மேல் கார்பனேட் கனிமமாக இறுகிவிட்டது என்று 2016 இல் வெளியான ஆய்வு காட்டியது. வாயு கல்லானபின் கசிவைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஆனால் ஒரு டன் வாயுவைக் கரைக்க ஏறத்தாழ 25 டன் நீர் தேவைப்படுவதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது நிகரக் கணக்கு. எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.042 விழுக்காடு. ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு கிராம்கூட இல்லை. ஆகவே ஒரு டன்னைப் பிடிக்க, ஒரு துளியும் தப்பவிடாமல் வடித்தாலும், 13 லட்சம் கன மீட்டர் காற்றையாவது கருவிக்குள் செலுத்த வேண்டும். இயற்பியல் விதிகளின்படி இதற்குத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் டன்னுக்குச் சுமார் 130 கிலோவாட் மணி. இன்றைய இயந்திரங்களோ வெப்பமும் மின்சாரமுமாகச் சேர்த்து ஏறத்தாழ 2,000 கிலோவாட் மணியைக் கேட்கின்றன. அந்த ஆற்றல் முழுவதும் நிலக்கரி மின்சாரமாக வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம், ஒரு டன்னைப் பிடிப்பதற்காக இரண்டு டன்னை வெளியிட்டிருப்போம். கருவி ஒன்றே, அறிவிக்கப்பட்ட திறனும் ஒன்றே. ஆனால் புவிவெப்ப மின்நிலையத்தின் அருகே நீக்கியாக இருப்பது, நிலக்கரி மின்தொகுப்பில் இணைந்ததும் உமிழ்வியாகிவிடுகிறது. நிறுவனங்கள் அறிவிக்கும் திறனை வைத்து ஒப்பிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அளவையும் மறந்துவிடக் கூடாது. காற்றிலிருந்து நேரடியாக வாயுவைப் பிடிக்க ஐஸ்லாந்தில் 2024 இல் இயங்கத் தொடங்கிய மாமத் நிலையத்தின் முழு ஆண்டுத் திறன் 36,000 டன். உலகம் புதைபடிவ எரிபொருள்களால் ஆண்டுக்கு வெளியிடும் சுமார் 3,700 கோடி டன்னோடு ஒப்பிட்டால், அது அரை நிமிட உமிழ்வுக்கு ஈடாகும். தொழில்நுட்பம் வளர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது வளரும் என்ற நம்பிக்கையைக் காட்டி இன்றைய உமிழ்வுக் குறைப்பைத் தள்ளிப்போட மட்டும் உங்கள் விதிகள் இடம் தரக் கூடாது.

திறந்த வெளியில் நடக்கும் முறைகளில் சிக்கல் வேறு வகையானது. பசால்ட் தூளை மண்ணில் தூவினால், மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு பாறையோடு வினைபுரிந்து பைகார்பனேட்டாக மாறி, ஆறுகள் வழியே கடலைச் சேர்ந்து மிக நீண்ட காலம் தங்கும். வேதியியல் ஐயத்துக்கு இடமற்றது, அளப்பதுதான் கடினம். மண்ணின் அமிலத்தன்மை, தூளின் பருமன், மழை, வெப்பம் ஆகிய ஒவ்வொன்றும் விடையை மாற்றிவிடும்.

கடல் இன்னும் கடினம். 2009 இல் இந்திய, ஜெர்மன் அறிவியலாளர்கள் இணைந்து நடத்திய லோஹாஃபெக்ஸ் ஆய்வில், பாசியை வளர்த்தால் அது உறிஞ்சும் கார்பன் ஆழத்துக்கு இறங்குமா என்று பார்க்க, தென்கடலில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட்டைக் கலந்தார்கள். மிதவைப் பாசி பெருகியது. ஆனால் ஓடு கட்டத் தேவையான சிலிக்கா அங்கே குறைவாக இருந்ததால், கனமான ஓடுடைய டயாட்டங்கள் என்ற நுண்பாசிகள் வளரவில்லை, வளர்ந்த பாசியையும் மிதவை உயிரிகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்கு இறங்கிய கார்பன் மிகச் சொற்பம். கடலில் இறங்கி அளந்ததால் மட்டுமே அந்த உண்மை தெரிந்தது. கணினி மாதிரியை மட்டும் நம்பிக் கார்பன் கிரெடிட் வழங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

உயிரிக்கரி, நிலத்தடிச் சேமிப்புக்கும் இந்தத் திறந்தவெளி முறைகளுக்கும் இடையில் நிற்கிறது. அதில் ஹைட்ரஜனுக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிலைப்பு என்று ஆய்வகத்திலேயே சோதிக்க முடிவது அதன் பெரிய வலிமை. தாவரங்களை எரித்து ஆற்றலெடுத்து, புகையைப் பிடித்துப் புதைக்கும் முறைக்கோ நிலமே எல்லை; உணவு விளையும் வயலோடு அது போட்டியிடும்.

ஆகவே நான் கேட்பது இவைதான். நூற்றாண்டுகளுக்கு நிலைக்கும் சேமிப்பையும் பத்தாண்டுகளில் கலையக்கூடியதையும் ஒரே கிரெடிட்டாக விற்க அனுமதிக்காதீர்கள். புதைபடிவ உமிழ்வை ஈடுகட்டக் காடுகளைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள், காடுகளுக்கு உரிய நிதியை வேறு வழியில் கொடுங்கள். ஆலைப் புகைபோக்கியில் பிடித்த வாயு தவிர்க்கப்பட்ட உமிழ்வே தவிர நீக்கம் அல்ல என்பதையும், எண்ணெய்க் கிணற்றில் செலுத்தி மேலும் எண்ணெய் எடுக்கப் பயன்பட்ட வாயுவை அந்த எண்ணெயின் உமிழ்வைக் கழிக்காமல் எண்ணக் கூடாது என்பதையும் விதியாகவே எழுதுங்கள். கிரெடிட் ஒவ்வொன்றிலும் நான்கு தகவல்கள் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கட்டும்: நிகர டன், ஆற்றலின் மூலம், எதிர்பார்க்கும் சேமிப்புக் காலம், நிகர டன்னில் எவ்வளவு நேரில் அளக்கப்பட்டது எவ்வளவு மாதிரியால் கணிக்கப்பட்டது என்ற பிரிப்பு. இவற்றுள் கடைசித் தகவல் இல்லாத எந்த விண்ணப்பத்தையும் பதிவுக்கே ஏற்காதீர்கள்.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் தீர்மானங்களைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு வாசகர்