அட்டர்னி ஜெனரல் தேர்தலையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) பதவிப் போட்டிக்கு ஒரு மூலைகூடக் கிடைப்பதில்லை. 43 மாநிலங்களில் இவரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 1998இல் சிகரெட் நிறுவனங்களைப் பணியவைத்த ஒப்பந்தம் இவர்கள் தொடுத்த வழக்குகளால் வந்ததுதான்.

2010இல் கலிபோர்னியாவில் கமலா ஹாரிஸ் இந்தப் பதவிக்கு ஜெயித்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். தேர்தல் இரவே வெற்றி தனக்கு என்று அறிவித்த எதிர் வேட்பாளர் ஸ்டீவ் கூலி, அப்புறம் சுமார் மூன்று வாரம் கழித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்து பேனர்களைப் படம் போட்ட நம் பத்திரிகைகள் இதை எழுதிப் பார்த்த நினைவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நாளைக்கு யார்மீது வழக்குப் போட வேண்டிவருமோ, அந்த நிறுவனங்களின் பணமும் இந்தப் பிரசாரங்களுக்குள் வருகிறது. இதைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

– வாசகர், மன்னார்குடி