கறுப்பை அளக்க ஒரு பொத்தான் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினித் திரையின் நிறத்தைச் சரிசெய்வது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதலில் ஒரு பிழை: திரையில் வைத்து அளக்கும் கருவியைக் ‘கலோரிமீட்டர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கலோரிமீட்டர் வெப்பத்தை அளப்பது; நிறத்தை அளப்பது கலரிமீட்டர். (வெப்பத்துக்கும் இதற்கும் ஒட்டே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அதைக் கீழே சொல்கிறேன்.)

“கருவியைத் திரையில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் போதும்” என்கிறார் கட்டுரையாளர். வெள்ளைக்கும் நடுச் சாம்பலுக்கும் போதும்தான். மங்கிய பழைய கலர் படங்களைச் சீர்செய்வது என் தொழில். கொண்டையும் கோட்டு மடிப்பும் கிடப்பது இருட்டில். ஒருமுறை அப்படி ஒரே மூச்சில் அளந்து சரிசெய்த திரையில் ஒரு பாட்டியின் தலைமுடி செம்மை தட்டித் தெரிந்தது. நம்பி, நிழல்களில் சியானை (பச்சை கலந்த நீலம்) ஏற்றி அனுப்பினேன். அச்சில் கழுத்தடியெல்லாம் பாசி படிந்த மாதிரி வந்தது.

பிறகு அதே கறுப்புக் கட்டத்தை ஐந்து முறை அளந்து பார்த்தேன்: 0.08, 0.11, 0.07, 0.10, 0.12 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு). வெள்ளை 100 நிட் இருக்கும்போது 0.02 பிசகினால் யாருக்கும் தெரியாது. 0.1 நிட்டில் அதே பிசகு ஐந்தில் ஒரு பங்கு. உள்ளே இருக்கும் சிவப்பு, பச்சை, நீல உணரிகள் ஆளுக்கொரு பக்கம் பிசகினால் நிறமே மாறிவிடும்.

உணரியில் வெளிச்சமே படாவிட்டாலும் துளி மின்னோட்டம் ஓடும். சூடு ஏறினால் அதுவும் ஏறும். அதனால் இப்போது திரையை அரை மணி நேரம் எரியவிட்டு, கருவியையும் அதன்மேலேயே கிடத்தி வைக்கிறேன். சூடு நிலைத்த பிறகு, கருவியில் வசதி இருந்தால், வெளிச்சம் புகாத பரப்பில் கவிழ்த்து இருட்டு அளவீடு எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் சராசரி. 16 முறை அளந்தால் தற்செயலான ஆட்டம் கால்பங்காகக் குறையும்.

ஆனால் கசியும் வெளிச்சத்தை எந்தச் சராசரியும் விரட்டாது. என் விஷயத்தில் குற்றவாளி கேபிள். அதன் கனம் இழுத்துக் கருவியின் ஓரம் மயிரிழை தூக்கியிருந்தது; மேசை விளக்கின் வெளிச்சம் அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. இப்போது திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கருவி தன் எடையிலேயே படிந்து கிடக்கும்படி விடுகிறேன். ஸ்பீக்கரில் மின்னும் நீலப் பொட்டைக்கூடத் துணி போட்டு மூடிவிடுவேன்.

புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடி திரையில் முழுக் கறுப்பு என்றால் கிட்டத்தட்ட ஒளியே இல்லை. அங்கே கருவி சொல்லும் நிறம் பெரும்பாலும் அதன் சொந்த இரைச்சல். அதைத் ‘திருத்த’ப் போவதுதான் வம்பு. ஐந்து அளவீடும் ஒத்துப்போகாத இருட்டை நான் தொடுவதில்லை.

இணையப் பதிப்பில் கட்டுரையைத் திருத்துவதாக இருந்தால், அறை விளக்கை அணைக்கச் சொல்லி ஒரு வரியாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய படங்களோடு மல்லுக்கட்டும் ஒரு வாசகி