சாம்பல் நிறத்தில் மறையும் பிரஷ் வட்டம் – புகார்

அனுப்புநர்:
போட்டோ ஸ்டுடியோ உரிமையாளர், கும்பகோணம்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்

பொருள்: படத்தில் வேலை செய்யும்போது கர்சர் கண்ணுக்குத் தெரியாதது குறித்து.

ஐயா,

உங்கள் போட்டோ எடிட்டிங் மென்பொருளுக்கு வருடச் சந்தா கட்டிப் பயன்படுத்தி வருகிறேன். பழைய கருப்பு வெள்ளைப் படங்களைச் சரிசெய்து தருவதுதான் என் ஸ்டுடியோவின் முக்கியமான வருமானம். பூஞ்சைப் புள்ளி, மடிப்பு விரிசல், கிழிந்த ஓரம் எல்லாவற்றையும் படத்தின் நல்ல பகுதியை நகலெடுத்துப் பழுதின் மேல் பூசும் குளோன் ஸ்டாம்ப், ஹீலிங் பிரஷ் என்ற கருவிகளை வைத்துத்தான் நீக்குகிறேன். அந்த பிரஷ் எங்கே நிற்கிறது, எவ்வளவு பெரியது என்று காட்டும் வட்டம், முகத்தின் மீது வந்ததும் மறைந்துவிடுகிறது. கேப்ஸ் லாக்கை அழுத்திக் கூட்டல் குறிக்கு மாற்றினாலும் அதே கதைதான்.

உங்கள் உதவி மையத்தில் சொன்னபடி கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். மென்பொருள் ஜிபியூவை (கிராபிக்ஸ் சிப்பை) பயன்படுத்துவதை அணைத்தேன், அதனால் கேன்வாஸைச் சுழற்றும் வசதிதான் போனது. பிறகு பிரிஃபரன்ஸஸை ரீசெட் செய்யச் சொன்னார்கள். நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த அமைப்புகள் அழிந்தன, வட்டம் மட்டும் வரவில்லை. கடைசியில் "உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு" என்று புகாரை முடித்துவிட்டார்கள்.

சரி, என் கம்ப்யூட்டரை விடுங்கள். உங்கள் அலுவலகத்திலேயே ஒரு புதிய ஃபைலைத் திறந்து, பாதியைக் கருப்பாகவும் மீதியை 50 சதவீதச் சாம்பலாகவும் நிரப்பி, பிரஷை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்திப் பாருங்கள். கருப்பில் பளிச்சென்று தெரியும் கோடு சாம்பலில் இருக்காது. கீழே உள்ள நிறத்தைத் தலைகீழாக்கித்தான் உங்கள் மென்பொருள் அந்தக் கோட்டை வரைகிறது. முழுக் கருப்புக்கு எண் 0, முழு வெள்ளைக்கு 255. 0 இருக்கும் இடத்தில் 255 வரும், நன்றாகத் தெரியும். 128 இருக்கும் இடத்தில் 127 வரும். இதை எந்தக் கண் பிரித்துப் பார்க்கும்? பழைய படங்களில் முகமும் ஸ்டுடியோ திரையும் பெரும்பாலும் இந்த நடுச் சாம்பலில்தான் இருக்கின்றன.

இப்போதைக்கு மேலே வெளிச்சத்தை மாற்றும் ஒரு கர்வ்ஸ் லேயரை (அடுக்கை) போட்டுப் படத்தை இருட்டாக்கிக்கொண்டு, கீழ் லேயரில் வேலை செய்கிறேன். பிரஷ் சாம்பிள் எடுப்பதை, அதாவது நகலெடுப்பதை, 'எல்லா லேயர்களும்' என்று விட்டுவிட்டால் அந்த இருட்டும் சேர்ந்து படத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு முறையும் அதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. காசு வாங்கும் மென்பொருளில் இந்தச் சுற்றுவழி எதற்கு?

விண்டோஸின் சாதாரண மவுஸ் அம்பு வெள்ளையாக, கருப்பு விளிம்போடு இருப்பதால் எந்தப் பின்னணியிலும் தெரிகிறது. பிரஷ் வட்டத்தையும் அப்படிக் கருப்பும் வெள்ளையுமாக இரட்டைக் கோட்டில் வரையலாம். அல்லது கோட்டின் நிறத்தை நாங்களே தேர்ந்தெடுக்கும்படி கர்சர் அமைப்பில் ஒரு வசதி தரலாம்.

முடித்துவைத்த என் புகாரை மீண்டும் திறந்து, மென்பொருளின் குறையாகப் பதிவுசெய்து, எந்தப் பதிப்பில் சரியாகும் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். சந்தாவைப் புதுப்பிக்கும் முன் பதில் வராவிட்டால் புதுப்பிக்கப் போவதில்லை. அப்புறம், தயவுசெய்து மறுபடியும் ரீசெட் செய்யச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்