காலரைக் கழற்று, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

நீ வண்டியிலிருந்து விழுந்து 22 நாளாகிறதாம். தங்கச்சி போன் செய்திருக்காவிட்டால் எனக்கு இன்னும் தெரிந்திருக்காது. அந்தச் சீட்டுப் பணத் தகராறுக்குப் பிறகு நானும் வாயைத் திறக்கவில்லை, அது என் தப்பு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? சரி, உன் மண்டைக்கு வருகிறேன்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததும் உன் தம்பி "அண்ணன் லீவுக்காக நடிக்கிறான்" என்றானாமே. அவனிடம் சொல்: சி.டி. ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். உனக்கு வந்திருப்பது கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்கியது; அது படத்தில் விழாது. அடிபட்ட நொடியில் நரம்புச் செல்லுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிக்கட்ட மூளைக்குச் சர்க்கரை ஏகப்பட்டது வேண்டும். அதே சமயம் ரத்த ஓட்டம் குறைந்து கிடக்கிறது. அதனால்தான் நாலு வரி படித்ததும் உனக்குத் தலை கனக்கிறது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காப்பாற்றியது. உள்ளே மூளை குலுங்குவதை அது முழுதாகத் தடுக்காது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் சரியாகும்.

ஆனால் உன் தலைவலியில் பாதி, தலையிலிருந்தே வரவில்லை என்று நினைக்கிறேன். மூளையைக் குலுக்கிய வேகம் கழுத்தைச் சும்மா விட்டிருக்காது. கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்து நரம்பும் மூளைத்தண்டுப் பக்கம் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. பிடரி மூட்டு கத்தினால், கண்ணுக்குப் பின்னால் வலிப்பதாகத் தெரியும். இன்று சாயங்காலமே பார்: வலி பிடரியில் கிளம்பி நெற்றிக்கு ஏறுகிறதா, தலையைத் திருப்பினால் கூடுகிறதா? அது கழுத்து. வெளிச்சத்திலும் சத்தத்திலும், மாடிப்படி ஏறினாலும் கூடினால் அது மூளைப் பக்கம். படுக்கையில் புரளும்போது மட்டும் அறையே அரை நிமிடம் சுற்றி நின்றால், உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கிறது. தலையில் அடிபட்டவர்களுக்கு அது சகஜம். காது டாக்டரோ பிசியோவோ தலையை வரிசையாக நாலு நிலையில் சாய்த்துத் திருப்பித் துகளை இறக்கிவிடுவார்கள், பெரும்பாலும் ஓரிரு தடவையில் போய்விடும். தலைச்சுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால், மூளை தானாகப் பழகிக்கொள்வதுதான் தள்ளிப்போகும்.

இப்போது திட்டு. மூன்று வாரமாகக் குளிக்கும்போது தவிர கழுத்துக் காலரைக் கழற்றவில்லையாமே! எலும்பு முறிவு இல்லை என்று உன் டாக்டரே எழுதியிருக்கிறார், கையில் மரத்துப்போவதும் இல்லை. அப்புறம் எதற்கு அந்த ஃபோம் வளையம்? காலர் கழுத்தைத் தாங்கத் தாங்க உள்தசைகள் வேலையை மறந்துவிடுகின்றன. தலை எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதில் அந்தத் தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை சோம்பினால் நடக்கும்போது மிதக்கிற மாதிரி இருக்கும். நாளைக்கு வீட்டில் ஒரு மணி நேரம் கழற்று, தினமும் கூட்டு, வாரத்துக்குள் பீரோவில் வை. எக்ஸ்ரேயில் "சி5-சி6 தேய்மானம்", அதாவது கழுத்தின் ஐந்தாம் ஆறாம் எலும்புக்கு நடுவில் தேய்மானம், என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. நம் வயசில் வலியே இல்லாத ஆளை எடுத்தாலும் முக்கால்வாசி அப்படித்தான் எழுதி வரும்.

அந்த உள்தசையை எழுப்ப ஒரு பயிற்சி. மல்லாந்து படு, முழங்கால் மடங்கட்டும், பிடரிக் குழியில் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வை. தலையைத் தூக்காமல் மோவாயை மட்டும் தொண்டைப் பக்கம் லேசாக இறக்கு. மெஸ் அண்ணாச்சி "இன்னொரு தோசை?" என்றதும் நீ ஆட்டுவாயே, அதில் பாதி போதும். 10 வினாடி நிறுத்து, விடு. 10 தடவை, காலையும் மாலையும். எல்லோரும் கெடுப்பது இங்கேதான்: பலமாகச் செய்தால் நல்லது என்று தலையணையை அழுத்துவார்கள், பல்லைக் கடிப்பார்கள், மூச்சைப் பிடிப்பார்கள். இரண்டு விரலைக் கழுத்தின் முன்பக்கம் வைத்துக்கொள். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு வருகிற அந்தக் கயிறு விரலில் முறுக்கேறினால் வெளித்தசை வேலையைப் பிடுங்கிக்கொண்டது என்று அர்த்தம். அசைவைக் குறை. 10 வினாடி முடியாவிட்டால் 3 வினாடியில் தொடங்கு.

வேடிக்கையான இன்னொன்று. பழைய தொப்பி முன்னால் பேனா லேசரை ஒட்டு. சுவருக்கு 90 செ.மீ. தள்ளி உட்கார், புள்ளி விழும் இடத்தில் ஒரு காகிதம். கண்ணை மூடி, தலையை வலப்பக்கம் திருப்பி, பழைய இடத்துக்குக் கொண்டுவந்து கண்ணைத் திற. புள்ளி 7 செ.மீ.க்கு மேல் விலகியே விழுந்தால் கழுத்தின் திசையறிவு கெட்டிருக்கிறது. அதையே பயிற்சியாகவும் செய்யலாம். பேரன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

இருட்டறையில் படுத்தே கிடக்கிறாயாம். அது பழைய வைத்தியம். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கன்கஷன் நிபுணர்கள் கூடிச் சொன்னதும் இதுதான்: முதல் 24-48 மணி நேரம் அளவான ஓய்வு, பிறகு அளவோடு நடமாட்டம். அளவு தெரிய ஒரு வழி இருக்கிறது, அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெடியும் பாரி வில்லரும் கொண்டுவந்தது. டிரெட்மில்லில் நடக்கவிட்டு, நிமிடத்துக்கு நிமிடம் சரிவைக் கூட்டி, தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பார்கள். எந்த நாடித்துடிப்பில் தொந்தரவு தெளிவாகக் கூடுகிறதோ அதுவே எல்லை. உனக்கு அது 120 என்றால், அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 108ஐத் தாண்டாமல் தினம் 20 நிமிடம் நட. அங்கே ஒரு பிசியோவிடம் போய்ச் செய்து பார். அதுவரை வெயில் ஏறுமுன் சமதரையில் நட. வலி இரண்டு மார்க் ஏறினால் நிறுத்து. ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயமில்லை, மறுநாள் கொஞ்சம் குறை. எல்லாவற்றையும் நோட்டில் எழுது.

தலையணை: ஒருக்களித்துப் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் உயரம். இலவம்பஞ்சுத் தலையணை என்றால் பஞ்சை எடுத்தோ அடைத்தோ சரிசெய்யலாம். தலைவலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் போட்டுக்கொண்டே போனால், சில மாதத்தில் அந்த மாத்திரையே தலைவலி கொடுக்கும்.

கடைசியாக, சலூனில் நெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லி, நீ போகப்போவதாகத் தங்கச்சி சொன்னாள். வேண்டாம் மாப்ளே. இதில் விளையாட்டே இல்லை. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய்களில் இரண்டு, கழுத்தெலும்புத் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. "கடக்" என்று திருப்பும்போது அதன் உட்சுவர் கிழிந்தால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அடிபட்ட கழுத்தில் அதைக் கேட்கவே வேண்டாம். இருக்கிற நாலு முடியை மட்டும் வெட்டிக்கொண்டு எழுந்து வா. சுளுக்கு எடுப்பவரிடமும் போகாதே.

தலைவலி நேரத்துக்கு நேரம் ஏறினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, வாய் குழறினாலோ, எல்லாம் இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ எனக்குப் போன் செய்யாதே, 108க்குச் செய். தங்கச்சியிடமும் சொல்லிவிட்டேன். தலைச்சுற்றல் போகும்வரை வண்டிச் சாவி அவளிடமே இருக்கட்டும்; ஆறுவதற்குள் இன்னொரு அடி விழக்கூடாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். நோட்டோடு உட்கார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினால் அப்போதே வைத்துவிடுவேன்.

உன்
மச்சான்