சாரல் மேகமும் கார்த்திகை மேகமும்

தென்காசி,
ஆனி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு முழங்கால் வலி குறைந்தது அறிந்து நிம்மதியடைந்தேன். இத்தனை சூரியத் தகடுகள் வந்த பிறகும் புதிய மின்நிலையங்கள் எதற்கு என்று கேட்டிருந்தாய். அதைத்தான் நானும் மாடியில் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. நேற்று முற்பகல் என் வீட்டு 3 கிலோவாட் தகடுகள் 2.3 கிலோவாட் தந்துகொண்டிருந்தன. மலைப்பக்கமிருந்து கருமேகம் வந்து மூடியதும் இன்வெர்ட்டரில் எண் 0.5-க்கு இறங்கியது. மேகம் விலகும்போது அதன் வெள்ளை விளிம்பில் பட்டுத் தெறித்த ஒளியும் நேர்வெயிலும் சேர்ந்து விழ, சாரலில் குளிர்ந்திருந்த தகடுகள் சற்று நேரம் 2.7 வரை ஏறின.

கடையத்தில் மேகமிருக்கையில் கயத்தாற்றில் வெயில் அடிக்கும்; பல ஊர்களின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கமுதி சூரிய மின்நிலையத்தைப் போல 648 மெகாவாட் ஒரே இடத்தில் குவிந்திருந்தால்தான், மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து நழுவாதபடி வேறொரு நிலையம் சில நிமிடங்களில் கைகொடுக்க வேண்டியிருக்கும். மின்வழங்கலை 15 நிமிடத்துக்கு ஒன்றாக, நாளுக்கு 96 கூறுகளாகத் திட்டமிடுவதால், மேகத்தை முன்கூட்டியே கணிப்பது அவ்வளவு முக்கியமாகிறது. மேலும், சாரலைக் கொண்டுவரும் அதே காற்றுதான் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து காற்றாலைகளையும் சுழற்றுகிறது. ஆகவே இந்த மாத மேகத்துக்கு நான் அஞ்சவில்லை.

நான் அஞ்சுவது ஐப்பசி, கார்த்திகை மேகத்துக்கு. வடகிழக்குப் பருவமழையில் அது நாள்கணக்காக மாநிலத்தின் பெரும்பகுதியை மூடிக்கொள்ளும். காற்றாலைகளும் அப்போது மந்தமாகிவிடும். ஏட்டில் நிறுவுதிறன் என்று எழுதிய மெகாவாட்டில் சிறு பங்கே கைக்கு வரும். மழைநாளில் ஏசி ஓடாமல் தேவை குறையும், அணைகளும் நிறையும் என்பது உண்மைதான். ஆனால் நம் பாபநாசம் மின்நிலையம் 32 மெகாவாட்டே. மீதிப் பளுவைக் கூடங்குளமும் தூத்துக்குடி அனல்மின் நிலையமும்தானே தாங்க வேண்டும்? தவிர, மேகமே இல்லாத நாளிலும் இரவு ஏழு மணிக்குத் தகடு எதுவும் தராது. தகடுகள் நிலக்கரியை மிச்சப்படுத்துகின்றன, அது பெரிய காரியம். ஆனால் அந்த நிலையங்களின் இடத்தை அவற்றால் நிரப்ப முடியாது. கடம்பாறையின் 400 மெகாவாட்டைப் போல, பகல் மின்சாரத்தால் நீரை மேலேற்றி மாலையில் இறக்கும் நிலையங்களும் பேட்டரிகளும் பெருகினால் மாலை நேரம் சமாளிக்கப்படும். ஒரு வாரம் நீளும் மூட்டத்துக்கு அவையும் போதா.

சென்னையில் உன் மாடியிலும் தகடுகள் இருக்கின்றன அல்லவா? ஐப்பசி முதல் தேதியிலிருந்து அன்றன்றைய யூனிட்டைக் குறித்து வை, நானும் குறிக்கிறேன். இரண்டு ஊரிலும் ஒரே நாட்களில் எண் விழுகிறதா என்று தை மாதம் நீ ஊருக்கு வரும்போது ஒப்பிட்டுப் பார்ப்போம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்.